நெடுவழிச் செலவும் மிதிவண்டி உடையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டிக் கரக்பூரில் நடைபெற்ற மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நமக்கு அளிக்கப்பட்டிருக்கும் தலைப்பைத் தலைவர் அவர்கள் படித்தபொழுது, பின்வரிசையில் சிலர் புன்முறுவல் பூத்ததை நாம் கண்டோம். குறளும் சிலம்பும் பேசப்படுகின்ற இம்மேடையில், பெண்கள் மிதிவண்டி செலுத்தும்பொழுது அணியும் அரைக்காற்சட்டையைப் பற்றி ஒரு பார்சல் ஆபீசுக் குமாஸ்தா பேசுவதா என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். எண்ணியதில் தவறில்லை. ஆனால், வருகின்ற டிசம்பர் விடுமுறையில் நம் சங்கத்துச் சகோதரிகள் ஒன்பதின்மர் கரக்பூரிலிருந்து பூரி வரை மிதிவண்டியிலேயே செல்லத் தீர்மானித்திருக்கின்றனர். இருப்புப் பாதைக் கணக்கில் நானூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நான்கு நாட்களில் என்றால், நாளொன்றுக்கு நூறு கிலோமீட்டருக்கு அண்மையில் மிதிக்க வேண்டும். ஆறு, ஏழு மணி நேரம் இருக்கையின்மீது அமர்ந்திருக்க வேண்டும். வண்டிகளைத் திரும்பும் வழியில் இரயிலில் பதிவு செய்து கொண்டுவரும் பொறுப்பு நம்முடையது. அதனோடு, சென்ற பல ஆண்டுகளாக ஞாயிறுதோறும் மிதிவண்டியில் ஊர் சுற்றி வருபவர் என்ற முறையில், உடையைப் பற்றியும் பேசுமாறு செயற்குழுவினர் பணித்தனர்.

ஆடவர் அணிவதை நாம் அணிந்து அறிவோம். பெண்கள் அணிவதைப் பற்றி நாம் கூறப்போவன யாவும் நம் மனைவியாரும், இவ்வூரில் நீண்ட தூரம் மிதிக்கின்ற சகோதரிகள் சிலரும், நாம் சென்று கண்ட பெண் மருத்துவர் ஒருவரும் கூறியவையே. சொன்னவற்றைக் கோத்துத் தருவது மட்டுமே நம் வேலை.

மிதிவண்டியும் பெண்களின் உடையும் பற்றிய வழக்கு இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1851-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அமீலியா புளூமர் என்ற அம்மையார், குட்டைப் பாவாடையின் கீழே தொளதொளப்பான காற்சட்டை அணிவதைத் தம் பத்திரிகையில் ஆதரித்து எழுதினார். ஊரே நகைத்தது. ஆனால் 1890-களில் மிதிவண்டி பரவியபொழுது, அவர் பெயரைத் தாங்கிய அந்த உடையே மீண்டும் வெளியே வந்தது. நீண்ட பாவாடை சங்கிலியில் சிக்குகிறதே, என்ன செய்வது? இங்கிலாந்திலே ஹார்பர்ட்டன் பிரபுவின் மனைவியார் 1898-இல் அத்தகைய காற்சட்டை அணிந்து மிதிவண்டியில் சென்று, ஆக்கம் என்ற சிற்றூரில் ஒரு விடுதியிலே உணவு கேட்டார். விடுதிக்கார அம்மையாரோ, இவ்வுடையோடு காப்பி அறைக்குள் வரக்கூடாது, குடிக்கின்றவர்கள் அமரும் கூடத்தில் வேண்டுமானால் அமருங்கள் என்றார். மறு ஆண்டு வழக்கு மன்றம் வரை போயிற்று. வேறோர் இடம் கொடுத்தாரல்லவா என்று விடுதிக்காரரே விடுவிக்கப்பட்டார். வழக்கில் தோற்றாலும் வழக்கத்தில் வென்றவர் எவர் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்ற காலத்தில், அங்கு ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் பல்லாயிரம் கிராமப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். பெண்களுக்குரிய வண்டிகள் போதாமையால் ஆடவர் வண்டியையே பலர் ஓட்டினர். முன் கம்பியிலே குழந்தையை அமர்த்திக்கொள்ள அதுவே வசதி என்றும் சொன்னார்கள். அவர்கள் சேலையில்தான் ஓட்டினார்கள். கல் உடைக்கும் இடத்துக்கும், தண்ணீர்க் குழாய்க்கும், சந்தைக்கும் போய்வரச் சேலை போதுமானதாக இருந்தது. நான்கு, ஐந்து கிலோமீட்டருக்கு எந்த உடையும் போதும். நாம் பேசுவது அதுவன்று. நாற்பது கிலோமீட்டர் கடந்த பின் உடல் என்ன சொல்கிறது என்பதே நம் பேச்சு.

உடல் சொல்வது இதுதான். மிதிவண்டியில் அமரும்பொழுது நம் எடை சதைப்பகுதியில் பரவி நிற்பதில்லை. இடுப்பெலும்பின் அடியில் வலமும் இடமுமாக இரண்டு முண்டுகள் உள்ளன. எடையின் பெரும்பகுதியை அவையே தாங்க வேண்டும். பெண்களுக்கு அவ்விரு முண்டுகளின் இடைவெளி பொதுவாக ஆடவரைக் காட்டிலும் அகன்றது. ஆகவே ஆடவருக்காகத் தைத்த காற்சட்டையின் மெத்தை, பெண்களின் எலும்பு அமர வேண்டிய இடத்தில் அமைவதில்லை. விளிம்பில் போய்ச் சேர்கிறது. அண்ணனுடையதைத் தங்கை அணிந்து போவது சிக்கனமே அன்று. அளவைத் தெரிந்துகொள்ள ஓர் எளிய வழி உண்டு. நெளி அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்து, கெட்டியான படிக்கட்டின்மேல் விரித்து, அதன்மேல் சற்று முன்குனிந்து இரண்டு நிமிடம் அமர வேண்டும். எழுந்து பார்த்தால் இரண்டு குழிகள் தென்படும். அவற்றின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் கிடைப்பதே உங்கள் அளவு. அட்டைப் பெட்டிகளுக்கு நம் பார்சல் ஆபீசில் பஞ்சமில்லை. வேண்டியவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இந்த அளவு முதலில் இருக்கைக்குத்தான் பயன்படும். இருக்கை குறுகலாக இருந்தால் எவ்வளவு விலையுயர்ந்த காற்சட்டையும் உதவாது. இருக்கை உயரம் மிகுந்திருந்தாலும் அப்படியே. மிதிக்கட்டையை எட்டுவதற்காக இடுப்பு வலமும் இடமும் ஆடும். ஆடுகின்ற ஒவ்வொரு தடவையும் தோல் உராயும். ஒரு மணி நேரத்தில் நாலாயிரம் தடவைக்குக் குறையாமல் கால் சுழல்கிறது. அந்தக் கணக்கை ஏழு மணிக்குப் பெருக்கிப் பாருங்கள்.

அரைக்காற்சட்டையின் உள்ளே வைத்துத் தைத்திருக்கும் மெத்தையை ஷாமி என்கின்றனர். ஐரோப்பிய மலைகளில் வாழும் ஆட்டினத்தைச் சேர்ந்த ஒரு விலங்கின் பெயர் அது. முற்காலத்தில் கம்பளிக் காற்சட்டையினுள் அதன் மென்தோலை வைத்துத் தைத்தனர். துவைத்துக் காய்ந்ததும் அத்தோல் பலகை போல் விறைத்துவிடும். அதனால் ஒருவிதக் களிம்பைத் தடவிப் பதப்படுத்திய பின்னரே அணிவர். இன்று தோலும் இல்லை, விலங்கும் இல்லை. செயற்கைப் பஞ்சும் அதன்மேல் மெல்லிய துணியுமே. பெயரும் களிம்பும் மட்டும் எஞ்சியுள்ளன. 1958-இல் அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஜோசப் ஷிவர்ஸ் என்பவர் கண்டுபிடித்த, இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் லைக்ரா என்னும் இழை, பின்னர்க் கம்பளியின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. உடலோடு ஒட்டி நிற்பதால் மடிப்பு விழுவதில்லை. மடிப்பு விழாத இடத்தில் உராய்வு குறையும். ஒட்டிய உடையின் காரணம் அவ்வளவே. அதில் வேறு நோக்கம் எதுவும் இல்லை.

மெத்தையைத் தேர்வதில்தான் பலரும் ஏமாறுகின்றனர். கடையிலே தடித்த, புசுபுசுவென்ற மெத்தையைக் கண்டதும் இதுவே சுகம் என்று கை போகிறது. அரை மணி நேரத்துக்கு அது சுகந்தான். பிறகு எலும்பு முண்டுகள் இரண்டும் மெல்லிய பஞ்சில் புதைந்து அடியைத் தொட்டுவிடும். நடுவிலுள்ள பஞ்சு மேலெழும்பி, எடை தாங்கக் கூடாத மென்மையான பகுதியை அழுத்தத் தொடங்கும். மரத்துப் போதலும் எரிச்சலும் அதனால் வருவனவே. மெத்தையைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்து நன்றாக அழுத்துங்கள். இரு விரல்களும் ஒன்றையொன்று உணர்ந்தால் அது நெடுவழிக்கு ஆகாது. மெல்லியதாக இருப்பினும் அழுத்தமாக எதிர்த்து நின்று, விட்டவுடன் பழைய நிலைக்கு வருவதே நல்லது. பெண்களுக்கென அமைந்த மெத்தை பின்புறம் அகன்றும் முன்புறம் குறுகிக் குட்டையாகவும் இருக்கும். நடுவே நெடுகத் தையல் ஓடுகின்ற எதையும் வாங்காதீர்கள். விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டா.

சென்ற ஆண்டு தீகா கடற்கரைக்கு நம் சகோதரிகள் சென்றுவந்த செய்தியை நீங்கள் அறிவீர்கள். போகும்போது ஏழு பேர். மிதிவண்டியில் திரும்பியவர் ஆறு பேர். ஏழாமவர் தீகாவிலிருந்து இரயிலில் வந்தார். காய்ச்சல் என்று மட்டுமே நமக்குச் சொல்லப்பட்டது. உண்மை என்னவென்பதை அவர் இசைவோடுதான் இங்கே கூறுகிறோம். கூறவேண்டும் என்று கேட்டுக்கொண்டவரும் அவரே.

அவர் மெத்தை வைத்த நல்ல காற்சட்டையையே வாங்கியிருந்தார். ஆனால் அதன் உள்ளே வழக்கம்போல் பருத்தி உள்ளாடையையும் அணிந்திருந்தார். உள்ளாடையின்றி அதை அணிய வேண்டும் என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. விற்றவரும் சொல்லவில்லை, உடன் சென்றவர்களும் சொல்லவில்லை. எல்லோருக்கும் கூச்சம். பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே இருந்தது. அதன் ஓரத் தையல் நாற்பதாவது கிலோமீட்டரிலிருந்து தொடையிடுக்கை அறுக்கத் தொடங்கியது. பெல்டாவில் தேநீர் குடிக்க நின்றபொழுதே எரிந்திருக்கிறது. சொல்லவில்லை. காந்தியைத் தாண்டும்பொழுது நின்றுகொண்டே மிதித்திருக்கிறார். விளையாட்டுக்காக அப்படிச் செய்கிறார் என்று மற்றவர்கள் நினைத்தனர். அன்றிரவு ஈர உடையை மாற்றாமல் கடற்கரையில் அமர்ந்திருந்தார். மறுநாள் காலை எழ முடியவில்லை. தோலின் மயிர்க்காலில் கிருமி புகுந்து சிலந்தியாகக் கட்டி, ஊர் வந்த பின் மருத்துவர் கீறி ஆற்ற வேண்டியதாயிற்று. மூன்று வாரம் படுக்கை. இனி மிதிவண்டியைத் தொடக்கூடாது என்பது அவர் வீட்டாரின் தீர்ப்பு. அவரோ பூரிப் பயணத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். வீட்டில் இன்னும் இசைவு கிடைத்தபாடில்லை. இந்த அவையில் அவருடைய மாமியார் அவர்களும் அமர்ந்திருக்கிறார்கள் என்பதை நாம் அறிந்தே பேசுகிறோம். அம்மா, மிதிவண்டி செய்த தீங்கு அன்று இது. ஒரு தையல் செய்தது. ஒரு கூச்சம் அதை வளர்த்தது.

ஆதலின் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறோம். மெத்தை வைத்த காற்சட்டையே உள்ளாடை. அதன் உள்ளே வேறொன்று கூடாது. ஒரு முறை அணிந்ததைத் துவைக்காமல் மறுமுறை அணியக்கூடாது. சேர வேண்டிய இடம் சேர்ந்ததும் தேநீருக்கு முன்னரே அதைக் களைந்து, கழுவி, உலர்த்தி, தளர்ந்த பருத்தி உடைக்கு மாறிவிட வேண்டும். எரிச்சல் தோன்றினால் அப்போதே வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டும். நிறுத்தச் சொல்பவரை எவரும் ஏளனம் செய்யக்கூடாது என்பதைப் பயணத்தின் முதல் விதியாகவே எழுதி வைத்திருக்கிறோம்.

அளவைப் பற்றி ஒரு சொல். கடைக் கண்ணாடியின் முன் நிமிர்ந்து நின்று பார்த்து வாங்குவது நம் வழக்கம். இந்த உடை நிற்பதற்காகத் தைக்கப்பட்டதன்று. நின்றால் முன்பக்கம் இழுக்கும், பின்பக்கம் குழந்தைக்குத் துணி கட்டியதுபோல் தோன்றும். கைப்பிடியைப் பிடிப்பதுபோல் முன்குனிந்து, முழங்காலை மாறிமாறித் தூக்கிப் பார்க்க வேண்டும். அப்பொழுது மெத்தை எங்கும் விலகாமல் உடலோடு ஒட்டி நிற்க வேண்டும். முதுகின் கீழ்ப்பகுதி வெளியே தெரியக்கூடாது. வயிற்றுப் பட்டி மூச்சை அழுத்தக்கூடாது. பட்டி அகலமாக இருப்பது நலம். குறுகிய எலாஸ்டிக் நாடா குனிந்த வயிற்றில் கயிறு போல் பதியும். காலின் முடிவிலே ரப்பர் போன்ற பிடிப்பு வைத்திருப்பார்கள். அதுவும் அகலமாக இருந்தால் தொடையில் தழும்பு விழாது. நீளம் முழங்காலுக்குச் சற்று மேல் வரை இருப்பதே நம் சகோதரிகளுக்கு ஏற்றது. தொடையோடு தொடை உரசுவதை அது தடுக்கும், வெயிலையும் சிறிது தடுக்கும். துணியை இழுத்து வெளிச்சத்தின் எதிரே பிடித்துப் பாருங்கள். அப்பால் இருப்பது தெரிந்தால் குனியும்பொழுதும் தெரியும். கறுப்பு நிறமே நல்லது. சங்கிலி மசகும் அதில் தெரியாது.

தோளில் மாட்டும் வார் வைத்த வகையும் உண்டு. வயிற்றில் பட்டியே இல்லாததால் நீண்ட தூரத்துக்கு அதுவே மேல் என்று மிதிப்பவர் பலர் கூறுவர். ஆடவருக்கு அது சரி. பெண்களோ, வழியில் ஒதுங்க வேண்டுமானால் மேல்சட்டை முழுவதையும் கழற்ற வேண்டியிருக்கும். வார்களைக் கழற்றாமலேயே பின்பகுதியை இறக்கும் வகையில் கொக்கியோ ஜிப்போ வைத்துத் தைத்தவை இப்போது கிடைக்கின்றன, விலை மிகுதி. முதற்பயணத்துக்கு இடுப்பளவு உடையே போதும் என்பது நம் கருத்து.

ஒதுங்குவதைப் பற்றிப் பேச்செடுத்தோம். அது உடையினும் பெரிய செய்தி. நெடுஞ்சாலையில் இடம் கிடைக்காது என்று அஞ்சித் தண்ணீர் குடிக்காமலே மிதிக்கின்ற பெண்களை நாம் கண்டிருக்கிறோம். தலைசுற்றலும் சிறுநீர்த் தாரையில் கிருமித் தொல்லையும் அதன் விளைவுகள். நாம் இரயில்வே ஊழியர். வழியை வேறுவிதமாகப் பார்க்கிறோம். பெல்டா, தாந்தன், ஜலேஸ்வர், பாலாசோர் எனச் சாலைக்கு அருகே நிலையங்கள் வருகின்றன. நிற்கும் இடங்களை அவற்றையொட்டியே குறித்திருக்கிறோம். நடைமேடைச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். வேறு எவர் சொல்லாவிட்டாலும் நாம் அதைச் சொல்லியாக வேண்டுமல்லவா!

மாதவிலக்கு நாட்களைப் பற்றி அந்தப் பெண் மருத்துவர் சொன்னதை அப்படியே சொல்கிறோம். வழக்கமான அணையாடையை மெத்தையின்மேல் வைத்தால் அது நகரும், மடியும், அதன் ஓரம் தோலை உரசும். பழகியவர்களுக்கு உள்ளே வைக்கும் குவளை உதவுகிறது. ஆனால் அதைப் பயணத்தின் முதல் நாளில் பழகத் தொடங்கக் கூடாது, இரண்டு மூன்று மாதம் முன்பே வீட்டில் பழக வேண்டும். அன்று மிதிக்க இயலாது என்று தோன்றினால் இரயிலில் அடுத்த ஊருக்குச் சென்று சேர்ந்துகொள்ளலாம். அதற்கும் ஏற்பாடு உண்டு.

களிம்பு தேவையா என்று கேட்கின்றனர். நூறு கிலோமீட்டருக்கு மேல் போகும் நாளில் மெல்லிய பூச்சு உராய்வைக் குறைக்கும். ஆடவருக்கென விற்கும் சிலவற்றில் சில்லென்று குளிரூட்டும் மென்தால் கலந்திருக்கும். பெண்களின் மென்தோலுக்கு அது நெருப்பு. மணமும் மென்தாலும் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள். தேங்காய் எண்ணெயே போதாதா என்றார் ஒரு பாட்டி. தலைக்குப் போதும், தாயே! மெத்தையில் எண்ணெய் ஊறிவிட்டால் எளிதில் போகாது. அழுக்கையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

துவைப்பது எளிது, உலர்த்துவது அரிது. இந்த வங்கக் காற்றின் ஈரம் நாம் அறிந்ததே. குளிர்ந்த நீரில் மிதமான சோப்பால் உட்புறம் வெளியே தெரியுமாறு திருப்பித் துவைக்க வேண்டும். துணியை மென்மையாக்கும் திரவம் எதுவும் கூடாது. அது இழையின்மேல் படிந்து வியர்வையை வெளியேற விடாது. முறுக்கிப் பிழிந்தால் பஞ்சு கிழியும். உலர்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி, அதன்மேல் ஏறி நின்று மிதித்தால் ஈரத்தில் பாதி துண்டுக்குப் போய்விடும். பிறகு மின்விசிறியின் கீழே தொங்கவிடலாம். அப்படியும் விடியுமுன் உலர்ந்துவிடும் என்பதற்கு உறுதியில்லை. எனவே நான்கு நாள் பயணத்துக்கு ஒருவருக்கு மூன்று வேண்டும். இரண்டு என்பது கஞ்சத்தனம். புதிதாக வாங்கியதைப் பயண நாளில் முதன்முதலாக அணிவதும் கூடாது. மூன்று நான்கு ஞாயிறுகளிலாவது ஐம்பது கிலோமீட்டர் மிதித்துப் பார்த்திருக்க வேண்டும்.

இனி, செயற்குழுவில் மூத்தவர் ஒருவர் எழுப்பிய கேள்விக்கு வருகிறோம். நம் வீட்டுப் பெண்கள் அரைக்காற்சட்டையோடு சாலையில் போவதா என்பது அக்கேள்வி. அவர் வயதுக்கு நாம் தலைவணங்குகிறோம். நம் இரயில்வேயில் பணியாற்றிய பி. டி. உஷா அவர்கள் 1984-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் தடை தாண்டி ஓடி, நொடியில் நூறில் ஒரு பங்கு வேறுபாட்டில் பதக்கத்தை இழந்தார். அந்த நூறில் ஒரு பங்கை நாடு இன்றும் சொல்லி வருந்துகிறது. அவர் அணிந்த உடையை எவர் நினைவில் வைத்திருக்கின்றனர்? எனினும் விரும்பாதவரை வற்புறுத்துவது நம் நோக்கமன்று. மெத்தை வைத்த காற்சட்டையை உள்ளே அணிந்து, மேலே தளர்ந்த முழுக்காற்சட்டையோ முழங்கால் வரை வரும் பாவாடையோ அணிந்துகொள்ளலாம். வெளியே உள்ளது கண்ணுக்கு. உள்ளே உள்ளது உடலுக்கு. சல்வாரின் தொளதொளத்த கால் மட்டும் சங்கிலியில் சிக்காதபடி கணுக்காலில் பட்டி கட்ட வேண்டும். துப்பட்டா கூடவே கூடாது. அது பின்சக்கரத்தில் சிக்கினால் கழுத்தை இறுக்கிவிடும். உடையைப் பற்றி அஞ்ச வேண்டுமானால் இதற்கன்றோ அஞ்ச வேண்டும்! இங்கே நாம் எவருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

விலை ஓராயிரம் ரூபாயில் தொடங்கிப் பல ஆயிரம் வரை போகிறது. நடுத்தர விலையில் மூன்று வாங்குவது, உயர்ந்த விலையில் ஒன்று வாங்குவதினும் நன்று. கல்கத்தாக் கடைகளில் அணிந்து பார்த்து வாங்க விரும்புவோர், அடுத்த சனிக்கிழமை காலை லோக்கலில் நம் மனைவியாருடன் செல்லலாம். ஏழாம் சகோதரி அவர்களும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எதை வாங்கக்கூடாது என்பதை அவரைவிடத் தெளிவாகச் சொல்ல வல்லவர் எவருமிலர். அவருடைய மாமியார் அவர்களுக்கும் ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். கடையில் துணியைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, பூரிக்கு அனுப்புவதா வேண்டாவா என்பதை அவர்களே சொல்லட்டும். அட்டைப் பெட்டியில் அமர்ந்து எடுத்த அளவை ஒரு தாளில் குறித்துக்கொண்டு வர மறவாதீர்கள்.